நாலாம் நம்பர் அம்பு

சோளம் அறுத்து முடித்த காடு. பெரம்பலூர் பக்கம் அந்த நேரத்தில் வெட்டவெளிக்குப் பஞ்சமில்லை. பிளஸ் ஒன் படிக்கும் மகள் அங்கேதான் வில் பழகுகிறாள். 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு ரிகர்வ் வில்லில் 60 மீட்டர் தூரம். பெரியவர்களுக்கு 70. இலக்கின் அகலம் 122 சென்டிமீட்டர் என்றாலும், முழு 10 புள்ளி கிடைக்கும் நடு வட்டம் வெறும் 12.2 சென்டிமீட்டர்தான்.

ஆறு அம்பு விட்டால் ஐந்து மஞ்சளைச் சுற்றி நிற்கும். ஒன்று மட்டும் கீழே, கொஞ்சம் வலப்பக்கம் தள்ளிப்போய்க் குத்தும்.

"கவனம் எங்க இருக்கு? போனைத் தூக்கி ஓரமா வை" என்பார் அப்பா. தேர்வுப் போட்டிக்கு இன்னும் மூன்றே வாரம். இரண்டு நாளாக அவள் வில்லையே தொடவில்லை.

அரியலூரிலிருந்து வந்தார் தாய்மாமா. நகைப் பட்டறைக்காரர், வில்லைப் பற்றி ஒன்றும் தெரியாதவர். "எல்லா அம்புலயும் நம்பர் எழுது கண்ணு. ஒரே அம்புதான் கீழ போவுதா, மாறி மாறிப் போவுதான்னு பாரு" என்றார்.

எழுதினாள். பன்னிரண்டு சுற்று விட்டாள். பன்னிரண்டிலும் கீழே போனது நாலாம் நம்பர்!

உண்மையில் வில்லாளிகள் முதலில் செய்யவேண்டிய வேலையே இதுதான். கை தவறினால் எல்லா அம்பும் மாறி மாறிச் சிதறும். ஒரே அம்பு ஒரே இடத்துக்குத் தவறினால் குற்றம் அம்பில். குறுக்கு வில்லில் இது இன்னும் பச்சையாகத் தெரியும். விசையைத் தட்டினால் போதும், நாணை விடும் விரலின் பிசிறு அங்கே இல்லை. மிஞ்சுவது அம்பின் குறை. அந்த மாதிரிப் பொறிவில் நமக்குப் புதிதல்ல. மதுரைக் கோட்டைக் காவலில் இருந்த வளைவிற்பொறியைச் சிலப்பதிகாரம் சொல்கிறது.

மாமா அம்புகளைப் பட்டறைத் தராசில் வைத்தார். ஐந்தும் கிட்டத்தட்ட ஒரே எடை. நாலாவது மட்டும் 0.65 கிராம் கூடுதல். அவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் மொத்த அம்பே 20 கிராமுக்குள்தான். எடை கூடினால் வேகம் குறையும். 60 மீட்டர் போய்ச் சேருவதற்குள் 10 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இறங்கிவிடும். இலக்கில் ஒரு வளையத்தின் அகலமே 6.1 சென்டிமீட்டர். அப்படியென்றால் ஒன்றிரண்டு வளையம் போச்சு.

வலப்பக்கம் போனதற்கும் காரணம் இருக்கிறது. நாண் தள்ளும்போது அம்பு நேராகக் கிளம்புவதில்லை, மீன் போல வளைந்து நெளிந்துதான் போகும். முனை கனமானால் தண்டு கூடுதலாக வளையும். வலக்கைக்காரர் விட்டால் அது வலப்பக்கம் ஒதுங்கும். இறகு ஒட்டாத அம்பு ஒன்றைப் பதினெட்டு, இருபது மீட்டரில் மற்றவற்றோடு விட்டுப் பார்ப்பது இதைக் கண்டுபிடிக்கத்தான். அது வலப்பக்கம் விழுந்தால் தண்டு வில்லுக்கு இளக்கம். இடப்பக்கம் விழுந்தால் விறைப்பு.

இன்னொன்று: கார்பன் அம்பு கல்லில் பட்டால், மறுபடி விடுவதற்கு முன் லேசாக வளைத்துக் காதருகே வைத்துக் கேட்க வேண்டும். நறநறவென்று சத்தம் வந்தால் குப்பைக்குத்தான். நாணில் உடைந்தால் கையைக் கிழித்துவிடும். இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

நாலாம் நம்பரும் கல்லில் பட்டதுதான். தண்டு தப்பியது, முனை போனது. வேறு முனை வாங்கி ஒட்டியவர் அப்பா. பழையது 100 கிரெயின். கடையில் கொடுத்தது 110. பத்து கிரெயின் என்பது தராசு காட்டிய அதே 0.65 கிராம்.

பட்டறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மச்சான் முகத்தை மாமா பார்க்கவில்லை, தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை அப்பா அடுக்களைக்குப் போய்க் கொஞ்சம் வெந்நீர் கேட்டார். கார்பன் தண்டை நெருப்பில் காட்டக் கூடாது. முனையைச் சுடுதண்ணீரில் வைத்தால் பசை இளகும்.

"எதுக்குங்க?" என்றாள் அம்மா.

"நான் ஒட்டினதை நானே கழட்டணும்" என்றார்.