பட்டனைத் தட்டும் முன் பலகையைத் தட்டுங்கள்

பாரிஸின் லாச்சப்பலில் தேநீர்க் கடையிலும் கலியாண வீட்டிலும் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. “இப்ப எல்லாத்துக்கும் மெசின் வந்திட்டுது. படத்தைக் கணினியில போட்டுப் பட்டனைத் தட்டினாப் பிள்ளையார் தானாச் செதுக்குப்பட்டு வந்திடுவார். இனி ஆசாரியார் எதுக்கு?”

இது பொய். நம்பியவரின் காசையும் மரத்தையும் தின்பதோடு, நம்மிடையே இருக்கும் ஓர் அறிவையும் அழிக்கிற பொய்.

இதை நம்பி மரம் செதுக்கும் கணினி மெசின் வாங்கியவர்களின் வீடுகளில் நடப்பதைப் பார்த்திருக்கிறேன். முதல் பெயர்ப்பலகையில் எழுத்து ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் வெறும் கீறலாகவும் வருகிறது. இரண்டாவது பலகை கருகுகிறது. மூன்றாவதில் பாதி வேலையில் வடிவம் ஒரு விரல் அகலம் தள்ளிப்போகிறது. உடனே மென்பொருளை மாற்றுகிறார்கள். அதுவும் சரிவராவிட்டால் ‘மெசின் கூடாது’ என்று நிலவறையில் போட்டுவிடுகிறார்கள். ஆனால் பெரும்பாலும் பிழை திரையில் இருப்பதில்லை. இவை தச்சுவேலைப் பிழைகள்.

ஆழம் ஏன் மாறுகிறது? பலகை வளைந்திருக்கிறது, அல்லது அதைத் தாங்கும் தளம் மட்டமாக இல்லை. 90 பாகைக் கூர்முனை அலகு அரை மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கினாலே கோடு ஒரு மில்லிமீட்டர் அகலித்துவிடும். அடியில் போடும் கழிவுப் பலகையை முதலில் அந்த மெசினாலேயே சீவி மட்டமாக்குங்கள். செதுக்கும் பலகையின் நான்கு மூலையிலும் தாள் ஒன்றை வைத்து, சுழலாத அலகின் நுனி எங்கும் ஒரே உயரத்தில் அதைப் பிடிக்கிறதா என்று பாருங்கள். ஈரத்தில் கிடந்த பலகையைக் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் அறைக்குக் கொண்டுவந்த அன்றே செதுக்கினால் அது வளையாமல் என்ன செய்யும்? சில வாரம் அறையில் கிடந்து ஆறட்டும். ஆசாரியார் மரத்தை ஆறப்போடுவது சோம்பலால் அல்ல.

கருகுவதற்குக் காரணம் பயம். மெல்லப் போனால் பாதுகாப்பு என்று நகரும் வேகத்தைக் குறைக்கிறார்கள். நிமிடத்துக்கு 10,000 முறை சுழலும் இருவாய் அலகு ஒவ்வொரு வெட்டிலும் 0.05 மி.மீ. சீவ வேண்டுமானால், நிமிடத்துக்கு 1000 மி.மீ. நகர வேண்டும். அதை 100 ஆக்கினால் அலகு வெட்டாது, உரசும். உரசினால் சூடு, சூட்டினால் கருகல். சின்ன மெசின் அந்த வேகத்தைத் தாங்காவிட்டால் சுழற்சியைக் குறையுங்கள். ஒரு தடவையில் இறங்கும் ஆழத்தையும் குறையுங்கள். விழுவதைக் கையில் அள்ளிப் பாருங்கள். முழு மரத்தில் சீவல் விழுந்தால் அலகு வெட்டுகிறது. மாவு விழுந்தால் உரசுகிறது.

வடிவம் தள்ளிப்போவதுதான் இந்த மூடநம்பிக்கையின் வேரையே காட்டுகிறது. வீட்டுக்கு வாங்கும் சின்ன மெசின்களில் பெரும்பாலானவற்றுக்குத் தாம் எங்கே நிற்கிறோம் என்பதே தெரியாது. இத்தனை படி நகர் என்ற கட்டளை மோட்டாருக்குப் போகும். அலகு ஒரு கணுவில் முட்டி நின்றாலும், தண்டை இணைக்கும் திருகாணி தளர்ந்து வழுக்கினாலும், நகர்ந்துவிட்டதாகவே கணக்கு ஓடும். பலகை இறுக்கியிலிருந்து நழுவினாலும் அதற்குத் தெரியாது. ஆசாரியாரின் கை கணுவை உளி தொட்டதுமே உணரும். உணர்வே இல்லாத ஒன்றிடம் அறிவை எதிர்பார்த்துவிட்டு, அதைக் குறை சொல்வது நியாயமா?

நமது எழுத்தையே பாருங்கள். ‘ண’வைப் புடைப்பாக விட்டுச் சுற்றிலும் செதுக்கினால், சுழிகளின் மெல்லிய சுவர் மரத்தின் ஓட்டத்துக்குக் குறுக்கே வரும் இடத்தில் உதிர்ந்துவிடும். எழுத்தைப் பெரிதாக்குவதா, பலகையைத் திருப்புவதா, வேறு மரம் எடுப்பதா என்ற முடிவை எந்த மென்பொருளும் சொல்லித் தராது.

மெசின் வந்தால் தொழிலறிவு வேண்டாம் என்பவர்கள் நாம் வாழும் பிரான்சின் வரலாற்றையாவது பார்க்கட்டும். 1804இல் பிரெஞ்சு நெசவாளர் ஜக்கார் துளையிட்ட அட்டைகளால் இயங்கும் தறியை அமைத்தார். 1839இல் அவருடைய உருவத்தையே அத்தகைய தறியில் பட்டில் நெய்தபோது ஏறத்தாழ 24,000 அட்டைகள் தேவைப்பட்டன. கட்டம் போட்ட தாளில் வடிவத்தை வரைந்து, எந்த இழை உயர வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் நெசவறிந்த மனிதர்கள். அட்டைக்குள் இருந்தது அவர்களுடைய அறிவு.

என் வீட்டிலும் ஒரு மெசின் ஓடுகிறது. ஒரே பூவேலையைக் கை சோராமல் ஐம்பது பலகையில் அது செய்து தரும். அந்த உதவியை மறுக்கமாட்டேன். ஆனால் அதைத் தனியே ஓடவிட்டுக் கடைக்குப் போவது, ‘தானாகச் செய்யும்’ என்ற நம்பிக்கையின் மிக ஆபத்தான பிழை. கருகும் தூள் நெருப்பாகலாம். மரத்தூள் புற்றுநோய் தரும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. குழந்தை தூங்கும் அறையில், தூள் உறிஞ்சியும் முகக்கவசமும் இல்லாமல் இதை ஓட்டுவது குற்றம் என்றே சொல்வேன்.

ஊரில் தேர்ச்சிற்பமும் வாகனமும் செய்யப் பழகிய கைகள் இந்நகரின் உணவகங்களில் கோப்பை கழுவுகின்றன. மரத்தைத் தட்டிய ஓசையிலேயே உள்வெடிப்பைச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள். மெசின் வாங்கியவரோ இரவிரவாகக் கணினித் திரையில் விடை தேடுகிறார். அடுத்த பலகை பழுதாகும்போது அதை எடுத்துக்கொண்டு அப்படி ஒருவரிடம் போங்கள். “ஐயா, இது ஏன் இப்படிப் போச்சு?” என்று கேளுங்கள். அவர் மெசினைப் பற்றிக் கேட்கமாட்டார். பலகையை வாங்கி, விரலால் ஒருமுறை தடவிப் பார்ப்பார். அந்தத் தடவலிலிருந்துதான் உங்கள் பாடம் தொடங்கும்.