கடலின் சீற்றமும் மனிதனின் மறைப்பும்

கடல் வணிகம் நம் சமுதாயத்திற்குப் புதிதன்று. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், அதிராம்பட்டினம் எனக் கரையோரம் நீளும் ஊர்களில் மரக்கலம் செலுத்தியும் சரக்கு ஏற்றியும் வாழ்ந்தவர்கள் நம் முன்னோர். மரக்காயர் என்னும் பெயரைக் கேட்டாலே கடல் நினைவுக்கு வருகிறது. இன்றும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பதனிடப்படும் தோல் கப்பலேறி ஐரோப்பாவுக்குச் செல்கிறது. மண்ணடியில் கடை வைத்திருப்போர் பலரின் சரக்கு கப்பலில்தான் வந்து இறங்குகிறது. நம் வீட்டுப் பிள்ளைகள் சிலர் அக்கப்பல்களிலேயே பணிபுரிகின்றனர்.

ஆயினும் கடல்சார் காப்பீடு என்றதும், அது பெருநிறுவனங்களின் விவகாரம் என்று ஒதுங்கிவிடுகிறோம். இல்லையேல், ‘காப்பீடு மார்க்கத்தில் கூடுமா, கூடாதா?’ என்ற கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறோம். அக்கேள்வி முக்கியமானதே, அதற்குப் பின்னர் வருவோம். அதற்கு முன், அத்துறை இன்று சந்திக்கும் நெருக்கடியை நாம் புரிந்துகொள்ள வேண்டும். ஏனெனில் அதன் வேர் புயலிலோ அலையிலோ இல்லை. மனிதர்கள் உண்மையை மறைப்பதில் இருக்கிறது என்பதே என் கருத்து.

நம்பிக்கை மீது எழுந்த கட்டடம்

கடல்சார் காப்பீட்டை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம். கப்பலுக்கான காப்பீடு ஒன்று. அதில் செல்லும் சரக்குக்கான காப்பீடு மற்றொன்று. கப்பலால் பிறருக்கு நேரும் தீங்குக்கான பொறுப்புக் காப்பீடு மூன்றாவது. இந்த மூன்றாவது வகையைக் கப்பல் உரிமையாளர்களே சேர்ந்து நடத்தும் பரஸ்பரச் சங்கங்கள் ஏற்கின்றன. 1855இல் இங்கிலாந்தில் தொடங்கிய முறை இது. ஒருவருக்கு இழப்பு நேர்ந்தால் எல்லோரும் பங்கு போட்டுக் கொடுப்பதே அதன் அடிப்படை. இன்று உலகின் கடலோடும் கப்பல் கொள்ளளவில் சுமார் 90 சதவீதம் இத்தகைய 12 சங்கங்களின் கூட்டமைப்பில் அடங்கும்.

காப்பீடு தருபவர் கப்பலோடு போய்ச் சரக்கைச் சோதிப்பதில்லை. சொன்னதை நம்பியே கையெழுத்திடுகிறார். அதனால்தான் இந்தியாவின் 1963ஆம் ஆண்டுக் கடல்சார் காப்பீட்டுச் சட்டம், இவ்வொப்பந்தம் மிக உயர்ந்த நல்லெண்ணத்தின் மீது அமைந்தது என்று வகுத்துள்ளது. அறிந்த முக்கியச் செய்தியை மறைத்தால் ஒப்பந்தமே செல்லாமல் போகலாம்.

பொம்மை என்று எழுதிய பெட்டி

2019 மே 25 அன்று தாய்லாந்தின் லேம் சபாங் துறைமுகத்தில் நின்றிருந்த ஒரு கன்டெய்னர் கப்பலில் வெடிப்பும் தீயும் ஏற்பட்டன. நூற்றுக்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெற நேர்ந்தது. பொம்மைகள் என்று ஆவணத்தில் குறிக்கப்பட்டிருந்த பெட்டிகளுக்குள் ஆபத்தான வேதிப்பொருள்கள் இருந்ததாகப் பின்னர் தெரியவந்தது.

ஏன் இப்படிப் பொய் எழுதுகிறார்கள்? ஆபத்தான சரக்கு என்று உண்மையைச் சொன்னால் கட்டணம் கூடும். சில கப்பல் நிறுவனங்கள் ஏற்றவே மறுக்கும். தனியிடம் ஒதுக்க வேண்டும். கூடுதல் ஆவணங்கள் வேண்டும். ஒரு சொல்லை மாற்றி எழுதினால் சில ஆயிரம் ரூபாய் மிச்சம். ஆனால் அந்தப் பெட்டியின் மேலும் கீழும் பல்லாயிரம் பெட்டிகள் இருக்கின்றன. கப்பலில் மாலுமிகள் உறங்குகிறார்கள். எது எரிகிறது என்று தெரியாமல் அவர்கள் தண்ணீரைப் பாய்ச்சினால், சில வேதிப்பொருள்களில் அதுவே தீயை வளர்க்கும்.

லித்தியம் மின்கலங்கள் இந்தக் கவலையைப் பெருக்கியுள்ளன. சேதமுற்ற மின்கலம் தானே சூடேறி எரியத் தொடங்கினால், அணைத்த பின்னும் மீண்டும் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. 2022 பிப்ரவரியில் அசோரஸ் தீவுகளுக்கு அருகே சுமார் 4,000 கார்களோடு ஃபெலிசிட்டி ஏஸ் கப்பல் தீப்பற்றி, மார்ச் 1 அன்று மூழ்கியது. 2023 ஜூலையில் நெதர்லாந்துக் கடற்பகுதியில் ஃப்ரீமேன்டில் ஹைவே கப்பல் எரிந்தபோது இந்திய மாலுமி ஒருவர் உயிரிழந்தார். இவ்விரண்டிலும் தீக்கு மின்கலமே காரணம் என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் இத்தகைய சரக்கைக் கடலில் எப்படிப் பாதுகாப்பது என்னும் கேள்வியை அவை கூர்மையாக்கிவிட்டன. மின்கலம் இருப்பதை அறிவிக்காமல் அனுப்புவது எத்தகைய அநீதி என்பதை இதிலிருந்து உணரலாம்.

ஒருவரின் இழப்பு, எல்லோரின் சுமை

முன்பு ஒரு கப்பலில் சில நூறு பெட்டிகள் சென்றன. இன்றைய பெரிய கப்பல்களில் 24,000 பெட்டிகள் வரை அடுக்கப்படுகின்றன. அதனால் ஒரே விபத்தில் குவியும் இழப்பு மலைபோல் வளர்ந்துவிட்டது.

2021 மார்ச் 23 அன்று சூயஸ் கால்வாயில் எவர் கிவன் கப்பல் குறுக்கே சிக்கியதை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆறு நாட்களில் கப்பல் விடுபட்டது. ஆனால் இழப்பீட்டுத் தகராறினால் ஜூலை 7 வரை அது எகிப்திலேயே நிறுத்திவைக்கப்பட்டது. இதற்கிடையே கப்பல் உரிமையாளர் ‘பொதுச் சராசரி’ அறிவித்தார். கப்பலையும் சரக்கையும் பொது ஆபத்திலிருந்து காக்கச் செய்யும் செலவையும் தியாகத்தையும், கப்பல் உரிமையாளரும் சரக்கு உரிமையாளர்கள் அனைவரும் தத்தம் மதிப்புக்கு ஏற்பப் பகிர்ந்துகொள்வதே அது. உங்கள் பெட்டியில் ஒரு கீறல்கூட விழாதிருக்கலாம். ஆயினும் பங்கு செலுத்தியாக வேண்டும். சரக்குக்குக் காப்பீடு இருந்தால் நிறுவனம் உத்தரவாதம் அளிக்கும். இல்லையெனில் வணிகர் ரொக்கமாகப் பிணைத்தொகை கட்டினால்தான் சரக்கைப் பெற முடியும். ‘இத்தனை ஆண்டுகளில் ஒன்றும் ஆகவில்லையே’ என்று காப்பீடின்றி இறக்குமதி செய்யும் சிறு வணிகர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

இந்தப் பகிர்வு முறை நம் ஃபிக்ஹு நூல்களுக்கும் அந்நியமானதன்று. மூழ்கும் நிலையிலுள்ள கப்பலைக் காக்கச் சரக்கைக் கடலில் எறிந்தால், அந்த இழப்பைப் பொருள் உரிமையாளர்கள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்று மாலிகி மத்ஹபின் அறிஞர்கள் விரிவாகவே பேசியுள்ளனர்.

போரும் நிழல் கப்பல்களும்

2023 நவம்பரில் கேலக்ஸி லீடர் கப்பல் செங்கடலில் கைப்பற்றப்பட்டது. அதன் 25 மாலுமிகள் 2025 ஜனவரியில்தான் விடுவிக்கப்பட்டனர். தொடர்ந்த தாக்குதல்களில் மாலுமிகள் உயிரிழந்தனர். அவ்வழியே செல்லும் கப்பலுக்கான போர் இடர்க் கட்டணம், கப்பல் மதிப்பில் ஒரு சதவீதத்தை நெருங்கும் அளவுக்கு உயர்ந்தது. பல கப்பல்கள் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்றன.

இங்கே வணிகர்கள் அறிய வேண்டியவை இரண்டு. சாதாரணச் சரக்குக் காப்பீட்டில் போர் அடங்காது. அதற்குத் தனியே சேர்த்துக்கொள்ள வேண்டும். காலதாமதத்தால் மட்டும் நேரும் இழப்பையும் அது ஈடுசெய்யாது. பருவம் தப்பி வந்த சரக்கு விலைபோகாவிட்டால், அந்த நஷ்டம் வணிகருடையதே.

இதனினும் கவலைக்குரியது நிழல் கப்பல்களின் பெருக்கம். பொருளாதாரத் தடைகளைக் கடந்து எண்ணெய் ஏற்றிச்செல்லும் இந்தப் பழைய கப்பல்கள், இருப்பிடம் காட்டும் கருவியை அணைத்துவிடுகின்றன. பெயரையும் கொடியையும் மாற்றிக்கொள்கின்றன. நம்பத்தகுந்த காப்பீடு பலவற்றுக்கு இல்லை. போலிச் சான்றுகளும் உலவுகின்றன. 1997இல் கட்டப்பட்ட பாப்லோ என்னும் எண்ணெய்க் கப்பல், 2023 மே 1 அன்று மலேசியக் கடற்பகுதியில் வெடித்துச் சிதைந்தது. மாலுமிகள் மூவர் காணாமல் போயினர். சிதைந்த கப்பலை அகற்றும் பொறுப்பேற்க உரியவர் எவரும் முன்வரவில்லை. அதில் எண்ணெய் நிரம்பியிருந்து, அது மீனவர் கிராமம் ஒன்றின் எதிரே நிகழ்ந்திருந்தால் யாரிடம் போய் நீதி கேட்பது?

ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர்கள்

இக்கேள்வி வெறும் கற்பனையன்று. 2021 மே மாதம் கொழும்புக்கு அருகே தீப்பற்றிப் பின்னர் மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பலில் 1,486 பெட்டிகள் இருந்தன. அவற்றுள் ஒன்றிலிருந்து நைட்ரிக் அமிலம் கசிந்துகொண்டிருந்தது. கத்தாரின் ஹமத் துறைமுகமும் குஜராத்தின் ஹஸீரா துறைமுகமும் அப்பெட்டியை இறக்க இசையவில்லை. விளைவு, பிளாஸ்டிக் மணிகள் கரையெங்கும் பரவின; ஆமைகள் செத்து ஒதுங்கின; நீர்கொழும்பு மீனவர்கள் கடலுக்குச் செல்ல இயலாமல் தவித்தனர்.

கப்பல் உரிமையாளரின் பொறுப்புக்கு லண்டன் நீதிமன்றம் வகுத்த வரம்பு ஏறத்தாழ 2 கோடி பவுண்டு. இலங்கை உச்ச நீதிமன்றமோ 2025 ஜூலையில் 100 கோடி டாலர் வழங்க ஆணையிட்டது. அவ்வாறு செலுத்தினால் பொறுப்பு வரம்பு என்னும் கோட்பாடே தகர்ந்துவிடும் என்று கப்பல் தரப்பு வாதிட்டது. வரம்பில்லாப் பொறுப்பை எந்தக் காப்பீட்டாளரும் ஏற்க மாட்டார் என்ற அவர்களின் வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் வலையைச் சுருட்டி வைத்துவிட்டுப் பட்டினி கிடந்த குடும்பம் அந்த வரம்பில் கையெழுத்திடவில்லையே!

2025 மே 25 அன்று கொச்சிக்கு அருகே எம்எஸ்சி எல்சா 3 கப்பல் 640 பெட்டிகளுடன் மூழ்கியபோது அதே காட்சி நம் அருகிலும் அரங்கேறியது. மாலுமிகள் 24 பேரும் மீட்கப்பட்டனர், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் பிளாஸ்டிக் மணிகள் கேரளக் கரையோடு நில்லாமல் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை வரை வந்து ஒதுங்கின. கேரள அரசு 9,531 கோடி ரூபாய் இழப்பீடு கோரி உயர் நீதிமன்றத்தை நாடியது.

மார்க்கம் எங்கே நிற்கிறது?

கடல்சார் காப்பீடு குறித்து விரிவாக ஆராய்ந்த முற்கால அறிஞர்களுள் முதன்மையானவர், திமிஷ்கைச் சேர்ந்த ஹனஃபி சட்ட மேதை இப்னு ஆபிதீன் (1784–1836). அக்கால வணிகர்கள் கப்பல் வாடகையோடு சேர்த்துச் செலுத்திவந்த ‘ஸூகரா’ என்னும் காப்பீட்டுத் தொகையை அவர் ஆராய்ந்து, அதன்மூலம் இழப்பீடு பெறுவது கூடாது என்றார். அதே ஆய்வில் இன்னொன்றையும் விளக்கினார்: வழியிலுள்ள ஆபத்தைத் தான் அறிந்திருந்தும், அறியாத ஒருவரிடம் ‘பாதுகாப்பானது’ என்று உறுதியளித்து ஏமாற்றியவன் இழப்புக்குப் பொறுப்பாவான் என்பது அது. 1985இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹு அகாடமி, நிலையான கட்டணம் பெறும் வணிகக் காப்பீட்டை ஏற்கவில்லை. கூட்டுறவு அடிப்படையிலான காப்பீட்டையே மாற்றாக முன்வைத்தது.

இவர்களின் மறுப்புக்கு ஒரு முக்கியக் காரணம் ‘ஃகரர்’, அதாவது ஒப்பந்தத்தில் உறைந்திருக்கும் தெளிவின்மை. சற்றே சிந்தித்தால், பொம்மை என்று எழுதிய பெட்டியும், கருவியை அணைத்துவிட்டு ஓடும் கப்பலும், போலிச் சான்றும் அந்தத் தெளிவின்மையைத்தானே பன்மடங்கு பெருக்குகின்றன? ‘காப்பீட்டிலேயே கருத்து வேறுபாடு இருக்கிறது, அதில் என்ன எழுதினால் என்ன?’ என்போரும், ‘கம்பெனிதானே கொடுக்கப்போகிறது!’ என்போரும் ஒரே பிழையைச் செய்கிறார்கள். சரக்கைப் பற்றி உண்மை சொல்வது காப்பீட்டு நிறுவனத்துக்கு நாம் செய்யும் சலுகையன்று. அது மாலுமியின் உயிர் மீதான அமானிதம்.

கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், வியாபாரியிடம் கேட்ட கேள்வியை நாம் அறிவோம். மழையில் நனைந்துவிட்டது என்றார் அவர். மழைக்காக அண்ணலார் அவரைக் கடியவில்லை. நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைக்காததையே கண்டித்தார்கள். இயற்கையால் வரும் இழப்பு சோதனை. அதை மறைப்பதே குற்றம்.

ஆகவே, சரக்கு அனுப்பும் நம் வணிகர்கள் ஆவணத்தை முகவரின் கையில் விட்டுவிடாமல், ஒவ்வொரு சொல்லையும் தாமே படித்துக் கையெழுத்திடட்டும். மின்கலமோ வாசனைத் திரவியமோ வேதிப்பொருளோ இருந்தால் உள்ளபடியே எழுதட்டும். பிள்ளையைக் கப்பல் பணிக்கு அனுப்பும் பெற்றோர், சம்பளத்தைக் கேட்பதற்கு முன் அக்கப்பல் எந்தக் கொடியின் கீழ் ஓடுகிறது, அதன் காப்பீட்டாளர் யார் என்று கேட்கட்டும். கரையோர மக்களுக்கு உரிய இழப்பீடு வேண்டும் என்ற குரலில் நம் ஜமாஅத்துகளும் இணையட்டும். வலை வீசும் கை எந்தச் சமயத்தாருடையது என்று கடல் பார்ப்பதில்லை, நாமும் பார்க்கலாகாது.

அலையைத் தடுக்க நம்மால் இயலாது. அது அல்லாஹ்வின் ஆணைக்கு உட்பட்டது. பெட்டியின் மீது எதை எழுதுகிறோம் என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது.