நட்சத்திர ஆட்டக்காரருக்கு மனசு சரியில்லை: விற்கலாமா, பிடித்து வைக்கலாமா?

உங்கள் அபிமானக் காற்பந்துக் குழுவின் ஆகச் சிறந்த ஆட்டக்காரர் "நான் போறேன்" என்று அடம்பிடிக்கிறார். ரசிகராக நீங்கள் என்ன சொல்வீர்கள்? "போனா போகட்டும்" என்பீர்களா? "ஒப்பந்தம் இருக்குல்ல, ஆடித்தான் ஆகணும்" என்பீர்களா?

2025இல் நியூகாசல் குழு இந்தச் சிக்கலில்தான் மாட்டியது.

என்ன நடந்தது?

2024-25 பருவத்தில் இங்கிலிஷ் பிரிமியர் லீக்கில் 23 கோல் போட்டவர் அலெக்சாண்டர் இசாக். லீக் கிண்ண இறுதியாட்டத்தில் லிவர்பூலுக்கு எதிராகவும் கோல் போட்டார். 70 ஆண்டுக் காத்திருப்புக்குப் பிறகு நியூகாசல் வென்ற உள்நாட்டுக் கிண்ணம் அது.

நான்கே மாதத்தில் நிலைமை மாறியது. ஜூலை 27ஆம் தேதி சிங்கப்பூர் தேசிய விளையாட்டரங்கில் நியூகாசல் ஆர்சனலுடன் மோதியபோது இசாக் வரவில்லை. தொடையில் காயம் என்று சொல்லப்பட்டது. ஆனால் அவர் மனம் லிவர்பூல் பக்கம் போய்விட்டது என்ற பேச்சு அடங்கவே இல்லை.

லிவர்பூல் கொடுக்க முன்வந்த 110 மில்லியன் பவுண்டை நியூகாசல் நிராகரித்தது. கொடுத்த வாக்கு காப்பாற்றப்படவில்லை என்று இசாக் இன்ஸ்டகிராமில் எழுதினார். அப்படி வாக்கு எதுவும் கொடுக்கவில்லை என்றது குழு.

கடைசியில் செப்டம்பர் 1ஆம் தேதி, ஆட்டக்காரர்களை வாங்கி விற்கும் காலம் முடியும் நாளன்று, 125 மில்லியன் பவுண்டுக்குக் கைமாறினார். பிரிட்டனில் அதுவரை இல்லாத தொகை!

அப்போ நியூகாசலுக்கு லாபம்தானே?

பணத்தைப் பார்த்தால், ஆமாம். ஆட்டத்தைப் பார்த்தால்? இழுபறி நீடித்த வாரங்களில் ஆடிய முதல் 3 லீக் ஆட்டங்களில் நியூகாசல் ஒன்றில்கூட வெல்லவில்லை. புதிய தாக்குதல் ஆட்டக்காரர்களைக் கடைசி நாள்களில் அவசர அவசரமாக வாங்க வேண்டியிருந்தது.

இசாக்குக்கும் நல்லதாக அமையவில்லை. பருவத்துக்கு முந்திய பயிற்சி ஆட்டங்கள் எதிலும் ஆடாமல் போனவருக்கு, லிவர்பூலுக்காக லீக்கில் முதல் கோல் போட நவம்பர் 30 வரை ஆனது.

பிடித்து வைத்தால் பலன் கிடைக்குமா?

சில நேரம் கிடைக்கும். 2013இல் லுவிஸ் சுவாரஸ் லிவர்பூலை விட்டுப் போகத் துடித்தார். ஆர்சனல் 40 மில்லியன் பவுண்டும் கூடவே 1 பவுண்டும் தருவதாகச் சொன்னது. லிவர்பூல் அசையவில்லை. அடுத்த பருவத்தில் சுவாரஸ் 31 லீக் கோல் போட்டார். லிவர்பூல் 2ஆம் இடத்தைப் பிடித்தது. பிறகு பார்சலோனாவுக்கு இன்னும் பெரிய விலைக்குப் போனார்.

சில நேரம் கையைச் சுடும். 2021இல் கிலியான் எம்பாப்பேக்கு ரியால் மட்ரிட் கொடுக்க முன்வந்த பெருந்தொகையை பிஎஸ்ஜி ஏற்கவில்லை. 2024இல் ஒப்பந்தம் முடிந்ததும் அவர் அதே மட்ரிட்டுக்குப் போனார். பிஎஸ்ஜிக்கு விற்பனைத் தொகை ஒரு காசுகூடக் கிடைக்கவில்லை. ஆனாலும் அடுத்த ஆண்டே அவர் இல்லாமல் சாம்பியன்ஸ் லீக் கிண்ணத்தை வென்றது!

எதைப் பார்த்து முடிவெடுப்பது?

"அவர் சந்தோஷமா இருக்காரா" என்பது மட்டும் போதாது. மூன்று கேள்விகள் கேளுங்கள்.

ஒப்பந்தம் எத்தனை ஆண்டு மிச்சம்? சுவாரஸைப் போல் நீண்ட ஒப்பந்தம் இருந்தால் குழு பொறுத்திருக்கலாம். கடைசி ஆண்டு நெருங்கினால் விலை சரியும்.

அவர் இடத்துக்கு ஆள் இருக்கிறாரா? இல்லையென்றால் கையில் 125 மில்லியன் இருந்தும் களத்தில் கோல் வராது.

களமிறங்க அவர் தயாரா? சுவாரஸ் கோபத்தோடு இருந்தாலும் ஆடினார். இசாக் ஆடவில்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு ஒருவர் ஒதுங்கி நின்றால், தினமும் வியர்வை சிந்தும் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்?

இசாக்கின் ஒப்பந்தம் 2028 வரை இருந்தது. முதல் கேள்வியில் நியூகாசல் பக்கம் பலம் இருந்தது. மற்ற இரண்டிலும் இல்லை. அதனால் விற்றது தவறில்லை. தவறு, செப்டம்பர் 1 வரை இழுத்தது. "இந்த விலை, இந்தத் தேதி, அதற்குப் பிறகு பேச்சே இல்லை" என்று ஜூலையிலேயே சொல்லியிருந்தால் புதியவரைத் தேட அவகாசம் கிடைத்திருக்கும்.

உங்கள் குழுவிலும் ஒருநாள் இப்படி நடக்கலாம். அவர் ஜெர்சியைத் தூக்கிப்போடும் முன் இந்த மூன்று கேள்விகளையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.