வடதுருவத்துக்கும் வேலி வேண்டும்

தென்துருவக் கண்டத்தில் நிலக்கரி உண்டு, தோண்டுவாரில்லை. 1988ல் அங்கே சுரங்கம் தோண்ட வழிசெய்யும் உடன்படிக்கையையே சர்க்கார்கள் எழுதி முடித்துவிட்டன. ஆஸ்திரேலியாவும் பிரான்சும் ஏற்க மறுத்தன. 1991ல் மாட்ரிட் நகரில் சுரங்கத் தொழிலுக்கே தடை வந்தது. லாப வேட்டைக்கு வேலி போட முடியாது என்பார் வாயை அடைக்க இது ஒன்று போதும்.

வடதுருவக் கடலுக்கு அந்த வேலி இல்லை. அமெரிக்கா, ரஷ்யா, கனடா, நார்வே, டென்மார்க் ஆகிய ஐந்து கரையோர நாடுகளும் 2008 மே மாதம் கிரீன்லாந்தில் கூடின. இக்கடலுக்கெனத் தனியாக முழு ஒப்பந்தம் தேவையில்லை என்று பிரகடனம் செய்தன. இரண்டே மாதத்தில் அமெரிக்க நிலவியல் துறையின் மதிப்பீடு வந்தது: வடதுருவப் பகுதியில் இன்னும் கண்டெடுக்கப்படாத எண்ணெய் சுமார் 9,000 கோடி பீப்பாய்! எண்ணெயும் நிலக்கரியும் எரித்த சூட்டில் பனி உருகுகிறது. உருகிய இடத்தில் மறுபடியும் எண்ணெய் தேடுகிறார்கள். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பது இதுதான்.

அறுபதாயிரம் பேர்கூட இல்லாத கிரீன்லாந்து, புதிய எண்ணெய்த் தேடலுக்கு இனி அனுமதி இல்லை என்று 2021ல் அறிவித்தது. அமெரிக்க சர்க்காரோ 2023ல் வடக்கு அலாஸ்காவில் வில்லோ எண்ணெய்த் திட்டத்துக்கு அனுமதி கொடுத்தது. அந்தச் சூட்டை ஆலை ஷெட்டிலும் நடவு வயலிலும் சுமப்பவர்களை யாரும் கேட்கவில்லை.

வடதுருவத்தில் புதிய எண்ணெய்க் கிணறுகளைத் தடைசெய்யும் சர்வதேச ஒப்பந்தம் வேண்டுமென்று நாம் கோருகிறோம். மாட்ரிட்டில் முடிந்தது இங்கே ஏன் முடியாது?