பேரவையின் நாட்களை யார் பங்கிடுவது?

2024 ஜூன் மாதம் தமிழகச் சட்டப்பேரவை கூடியபோது, கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக இறந்துகொண்டிருந்தார்கள். கேள்வி நேரத்தை ஒத்திவைத்துவிட்டு அதைப் பற்றிப் பேச வேண்டும் என்றது அதிமுக. கேள்வி நேரம் முடியட்டும் என்றது அவை. அமளி, வெளியேற்றம் என்று போன இந்த இழுபறி, 26ஆம் தேதி அதிமுக உறுப்பினர்களின் இடைநீக்கத்தில் முடிந்தது. 29ஆம் தேதி கூட்டத்தொடரும் முடிந்தது. மானியக் கோரிக்கை விவாதத்தின் கடைசி நாட்களில் எடப்பாடி தொகுதிக்குப் பேச ஆள் இல்லை. அதன் உறுப்பினர் எடப்பாடி பழனிசாமிதான் அப்போது எதிர்க்கட்சித் தலைவர்.

மக்களவைத் தேர்தலால் தள்ளிப்போன துறைகளின் மானியக் கோரிக்கைகளை எல்லாம் அந்தக் கூட்டத்தொடரின் ஒன்பது நாளுக்குள் திணித்திருந்தார்கள். பல துறைகளை ஒரே நாளில் அடுக்கினால், நெசவாளர்களின் நூல் விலை பற்றிப் பேச எழும் உறுப்பினருக்குச் சில நிமிடம் கிடைத்தாலே அதிர்ஷ்டம்.

எந்த நாளில் எந்தத் துறை என்று தீர்மானிப்பது அலுவல் ஆய்வுக் குழு. பேரவைத் தலைவர் தலைமையிலான அந்தக் குழுவில் எதிர்க்கட்சிகளுக்கும் நாற்காலி உண்டு, ஆனால் கடைசிச் சொல் ஆளுங்கட்சியுடையது. 2025 அக்டோபரில் 14ஆம் தேதி பேரவை கூடியது. 17 வரை நடக்கும் என்பது முடிவானதே 13ஆம் தேதிதான்.

ஆண்டுக்கு 100 நாள் பேரவை நடக்கும் என்று 2021 தேர்தலில் திமுக வாக்குறுதி அளித்தது. 2024 டிசம்பர் கூட்டம் 9, 10 ஆகிய இரண்டே நாட்கள். எடப்பாடி பழனிசாமி இதைச் சாடியதில் நியாயம் உண்டு. ஆனால் அவர் முதல்வராக இருந்த 2020இல், மார்ச் 24க்குப் பிறகு பேரவை கூடியது செப்டம்பர் 14 அன்று, மூன்றே நாள். கொரோனா காலம்தான், மறுப்பதற்கில்லை. என்றாலும் ஆறு மாத இடைவெளியைத் தாண்டக் கூடாது என்ற அரசமைப்புச் சட்டக் கெடு நெருங்காமல் இருந்திருந்தால் அந்த மூன்று நாளும் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே.

நாடாளுமன்றத்திலோ அடுத்த வாரத்துக்கான அரசு அலுவல்களை அமைச்சர் முன்கூட்டியே அவையில் வாசிக்கிறார். மக்களவையில் வெள்ளிக்கிழமையின் கடைசி இரண்டரை மணி நேரம் தனிநபர் மசோதாக்களுக்கும் தீர்மானங்களுக்கும் உரியது. பிரிட்டன் இன்னும் ஒரு படி மேலே. அங்கு ஒரு கூட்டத்தொடரில் 20 நாட்கள் எதிர்க்கட்சிகளுக்கு. எதைப் பேசுவது என்பதும் அவர்கள் விருப்பம்.

சென்னையிலும் வாரத்தில் ஒரு நாளையாவது எதிர்க்கட்சியிடம் விடலாம். கள்ளக்குறிச்சியைப் பேச அப்படி ஒரு நாள் இருந்திருந்தால், கேள்வி நேரத்துக்காக மல்லுக்கட்டத் தேவையே வந்திருக்காது. கூட்ட நாட்களின் பட்டியலை ஜனவரியிலேயே வெளியிடுவதற்கும் பெரிய செலவில்லை. மேட்டூர் உபரிநீரை 100 ஏரிகளுக்குக் கொண்டுபோகும் 565 கோடி ரூபாய்த் திட்டத்தில் தன் ஊர் ஏரிக்குத் தண்ணீர் வராத விவசாயி, நீர்வளத் துறை விவாதம் எந்த நாள் என்று தெரிந்தால் அதற்கு முந்தைய வாரமே மனுவோடு உறுப்பினரைப் பார்த்துவிடுவார்.