ஒரு நாள் பயிற்சி போதுமா?

என் தாயார் ஒரு பள்ளியாசிரியை. தந்தையார் மத்திய அரசாங்க வேலையில் மாற்றலாகி டில்லிக்கு வந்தபோது எனக்கு ஆறு வயது. அடுத்த ஆண்டு முதல் என் தாயார் இந்நகரத்துப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் கற்பித்து வருகிறார். இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்தும் வேளையில், கணிப்பொறியைக் கண்டு தடுமாறும் ஆசிரியர்களைப் பற்றி நாம் நகைத்துப் பேசுவது வழக்கம். நானும் கூட நகைத்திருக்கிறேன்; வீடு திரும்பும் வழியில் நாணியும் இருக்கிறேன்.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. கைப்பேசி வழியே வகுப்பு நடத்த வேண்டியதாயிற்று. “கொஞ்சம் பொறுடா, நானே அழுத்திப் பார்க்கிறேன்” என்பார் அம்மா. நான் பொறுத்தேனா? கைப்பேசியைப் பிடுங்கி, நொடியில் செய்து முடித்து, “இவ்வளவுதானம்மா” என்று நீட்டுவேன். ஓராண்டு இப்படியே கழிந்தது. அவர் கற்கவில்லை என்று அன்று நினைத்தேன். நான் கற்க விடவில்லை என்பது இன்று தெரிகிறது.

பிறகு பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டுகள் வந்தன. விற்ற நிறுவனத்திலிருந்து ஓர் இளைஞர் வந்தார். ஒரு முற்பகல் முழுதும் நாற்பது ஆசிரியர்களை உட்கார வைத்து எல்லாப் பொத்தான்களையும் தாமே அழுத்திக் காட்டினார். சான்றிதழ் உண்டு, சமோசாவும் உண்டு. மறு வாரமே ஒருவர் சாதாரண மை எழுதுகோலால் அப்பலகையில் எழுதிவிட, அதை அழிக்க அரை நாள் ஆயிற்று. அதன் பின் பலரும் அதைத் தொடவே அஞ்சினார்கள். அடுத்து வந்தது இணையவழிப் பாடநெறி. அதில் காணொளி தானே ஓடிக்கொண்டிருக்க, அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அதற்கும் ஒரு சான்றிதழ் வந்தது.

நிலைமையை மாற்றியவர் பக்கத்து வகுப்பின் கணக்காசிரியர், பீகார்க்காரர், அம்மாவைவிட மூத்தவர். வெள்ளிதோறும் கடைசி மணி அடித்த பிறகு இருவரும் அரைமணி நேரம் அமர்ந்தார்கள். அடுத்த வாரம் நடத்தவிருக்கும் ஒரே ஒரு பாடத்தை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு, இதற்குக் கருவி உதவுமா, எந்த இடத்தில் உதவும் என்று பார்த்தார்கள். மெல்ல மெல்ல ஆறேழு பேர் சேர்ந்தார்கள்.

குவிலென்சுப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். பொருள் ஆறு நிலைகளில் இருக்கும்போது பிம்பம் எங்கே விழும் என்று கரும்பலகையில் ஆறு படம் வரைய வேண்டும். பிள்ளைகள் ஆறையும் நெட்டுருச் செய்வார்கள். கொலராடோ பல்கலைக்கழகத்தில் கார்ல் வைமன் 2002இல் தொடங்கிய ‘ஃபெட்’ என்னும் விலையில்லா மென்பொருளில் அந்த ஆறும் ஒரே படமாகிவிடுகின்றன. பொருளை இழுத்தால் பிம்பமும் கூடவே நகரும். குவியத்தை நெருங்க நெருங்கப் பிம்பம் எட்டாத் தொலைவுக்கு ஓடும்; குவியத்தைத் தாண்டி உள்ளே வந்ததும் மாயப்பிம்பமாய்ப் பொருளின் பக்கமே நிமிர்ந்து நிற்கும். ஆனால் அம்மா இதை முதலில் காட்டுவதில்லை. பிள்ளைகள் கையில் லென்சைக் கொடுத்து, எதிர்ச் சன்னலைச் சுவரில் தலைகீழாக விழச் செய்த பிறகே திரையைத் திறக்கிறார். இந்த வரிசையை எந்த நிறுவன இளைஞர் சொல்லித் தந்திருக்க முடியும்?

புதிய தலைமுறை ஆசிரியர்கள் வந்துவிட்டால் இக்குறை தானே தீரும் என்பார் உளர். நான் அதை நம்பவில்லை. சென்ற ஆண்டு சில பிள்ளைகளுக்குத் தனிப்பாடம் எடுத்தபோது அதே மென்பொருளை எடுத்த எடுப்பில் காட்டினேன். அரைமணி விளையாடினார்கள், குவியம் என்றால் என்ன என்று கேட்டேன், விழித்தார்கள். எனக்குப் பொத்தான் தெரியும். பாடத்தில் அது எங்கே புகவேண்டும் என்பது தெரியாது.

இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பன்று. மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கல்வித் திட்டத்தில், கோடைப் பயிற்சியோடு ஆசிரியர்களை விட்டுவிடவில்லை. மாதந்தோறும் கூடி, வகுப்பில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பேசினார்கள். 2002இல் அரசாங்கம் அதை நிறுத்தியது வேறு கதை. கேரளத்தில் 2001இல் தொடங்கிய ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம், பயிற்சியாளர்களை ஆசிரியர்களிடையிலிருந்தே தேர்ந்தெடுத்தது. வகுப்பறையின் இரைச்சலை அறிந்தவர் சொன்னால்தான் வகுப்பறையில் இருப்பவர் கேட்பார்.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை ஒவ்வோர் ஆசிரியரும் ஆண்டுதோறும் குறைந்தது 50 மணி நேரம் தொடர்பயிற்சி பெற வேண்டும் என்கிறது. (அக்கொள்கையின் மொழிப் பகுதியோடு எனக்குள்ள வழக்கை இங்கே எடுக்கவில்லை.) அதுவும் அவரவர் விருப்பத்தை ஒட்டி அமைய வேண்டும் என்றே அதில் எழுதியிருக்கிறது. அப்படியானால் அந்த வெள்ளிக்கிழமை அரைமணிகளை ஏன் கணக்கில் சேர்க்கக் கூடாது? அம்மாவின் பள்ளியில் அவற்றுக்குக் கணக்கும் இல்லை, அவற்றுக்காக ஒரு பாடவேளை குறைப்பதும் இல்லை. வாடகை வண்டிக்காக அவசரப்படும் ஆசிரியைகள் விருப்பம் இருந்தும் எழுந்து போய்விடுகிறார்கள். சான்றிதழ் தரும் காணொளிக்கு மட்டும் மணிக்கணக்கு உண்டு. இது தலைகீழ்.

நம் சங்கத்தில் அறிவியல் முதுகலை பயில்வோர் பலர் இருக்கிறோம். வாரம் ஒரு பிற்பகல் அருகிலுள்ள பள்ளி ஒன்றில் ஆசிரியர்களோடு அமர நாலைந்து பேர் வந்தாலே தொடங்கிவிடலாம். விருப்பமுடையோர் செயலரிடம் பெயர் தருக. ஒரே ஒரு நிபந்தனை உண்டு: ஆசிரியர் எவ்வளவு நேரம் தடுமாறினாலும் அவர் கையிலிருந்து கருவியை நாம் வாங்கக் கூடாது.