வீட்டிற்கு ஒரு ரோச் போதுமா?

எமது சந்தைகளில் இன்று விற்பனைக்கு வைக்கப்பட்டிருக்கும் ரோச் லைற்றுகளைப் பார்த்தால் ஒரு மாற்றம் தெரிகின்றது. கறுப்பு உலோக உடல், முன்பக்கத்தில் பல்லுப்பல்லாக வெட்டிய விளிம்பு, பெட்டியின் மேல் படைவீரன் ஒருவனின் படம், அதன் கீழே இலட்சக்கணக்கில் ஒரு 'லூமன்' எண். "ஆமிக்காரர் பாவிக்கிற சாமான்" என்று சொல்லியே வியாபாரி விற்கின்றார். யானைக்கும் பாம்புக்கும் கள்வனுக்கும் பயந்து இரவைக் கழிக்கும் குடும்பங்கள் கடன்பட்டாவது இதனை வாங்குகின்றன. ரோச் வாங்குவதில் பிழையில்லை. எதை வாங்குகின்றோம், வாங்கியபின் அது வீட்டில் யாருடைய கையில் இருக்கப் போகின்றது என்பதே நாம் இங்கு கேட்க விரும்புவது.

வெளிச்சத்தின் பெறுமதியை எமது மக்களுக்கு எவரும் படிப்பிக்க வேண்டியதில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வடக்கிற்குப் பற்றரி கொண்டுவருவதே தடைசெய்யப்பட்டிருந்தது. ஜாம் போத்தலுக்குள் சிறிதளவு மண்ணெண்ணெய் விட்டுத் திரியேற்றி, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகளைப் பரீட்சைக்குப் படிப்பித்த சமூகம் இது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டவர்கள் நாம். விமானச் சத்தம் கேட்டால் அந்தச் சிறு விளக்கையும் ஊதி அணைத்தோம். தடைகள் நீங்கிய பின்னரும் இருள் எம்மை முற்றாக விட்டுப் போகவில்லை. 2022 மார்ச் மாத இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றது. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் வந்தபோதும் பெருந்தொகையான குடும்பங்கள் இருளில் இருந்தன.

முதலில் அந்த லூமன் கணக்கைப் பார்ப்போம். லூமன் என்பது விளக்கிலிருந்து வெளிவரும் மொத்த ஒளியின் அளவு. இன்றைய எல்.ஈ.டி. விளக்கு ஒரு வாற் மின்சக்தியில் ஏறத்தாழ 100 லூமன் ஒளி தரும். அப்படியானால் 100,000 லூமனுக்கு 1,000 வாற் வேண்டும். இது மின்சார ஸ்திரிக்கைப் பெட்டி ஒன்று இழுக்கும் மின்சாரம்! கைக்குள் அடங்கும் ஒரு பற்றரி இதனை எப்படிக் கொடுக்கும்? பெட்டியில் அச்சடித்த எண் வெறும் எண்தான். எமது தந்தையர் வயலுக்குக் கொண்டு சென்ற, இரண்டு பெரிய பற்றரி போட்ட பழைய பல்ப் ரோச் சுமார் 20 லூமன் ஒளியே தந்தது. அதனைக் கொண்டே அவர்கள் வரம்பில் நடந்தார்கள், மடை திறந்தார்கள், மாடு தேடினார்கள்.

உண்மையாகவே 1,000 லூமன் தரும் நல்ல ரோச்சுகளும் உண்டு. ஆனால் அவற்றில் ஒரு பற்றரி அந்த முழு ஒளியை ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்திற்குமேல் தாங்காது. அதற்கு முன்னரே உடல் சூடேறி, ஒளி தானாகக் குறைந்துவிடும். அதே ரோச்சை 25 லூமனில் வைத்தால் மூன்று இரவுகளுக்குப் போதும். ஆகவே கடையில் கேட்கவேண்டிய முதற் கேள்வி, "ஆகக் குறைந்த வெளிச்சத்தில் எவ்வளவு நேரம் எரியும்?" என்பதாகும். குறைந்த வெளிச்சத்திற்கு வழியில்லாத ரோச்சை அவசரத் தேவைக்கென்று வாங்குவது பணத்தை வீணாக்குவதே. பெட்டியிலுள்ள மணித்தியாலக் கணக்கையும் அப்படியே நம்ப வேண்டாம். அமெரிக்காவில் 2009இல் வெளியாகி இன்று பல நிறுவனங்கள் பின்பற்றும் அளவுமுறையில், ஆரம்ப ஒளி பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரையுள்ள நேரமே எரியும் நேரமாகக் குறிக்கப்படுகின்றது.

தூரம் வேறு விடயம். ஒளியை ஒடுக்கி ஒரே திசையில் அனுப்பும் ரோச் தூரத்தைக் காட்டும், காலடியைக் காட்டாது. சேனையிலோ வயலிலோ காவற் கொட்டிலில் இருப்பவருக்கு இத்தகைய ரோச் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. யானை கிட்ட வந்தபின் தெரிவதில் பயனில்லை, நூறு யாருக்கு அப்பால் காட்டோரத்தில் நிற்கும்போதே தெரியவேண்டும். ஆனால் இரண்டு மடங்கு தூரம் பார்க்க நான்கு மடங்கு ஒளிச்செறிவு வேண்டும் என்பது கணக்கு. அத்தோடு, பெட்டியில் போட்டிருக்கும் தூரம் என்பது நேர்மையாக அளந்தாலும் அந்த இடத்தில் பூரணை நிலவின் அளவு வெளிச்சம் விழுகின்ற தூரமே. அங்கே நிற்பது யானையா பற்றையா என்று அவ்வெளிச்சத்தில் பிரித்தறிவது கடினம்.

எம்மவர்களை அதிகம் தாக்கும் ஆபத்தோ தூரத்தில் இல்லை, பாதத்தருகில் இருக்கின்றது. 2012-2013இல் இலங்கை முழுவதும் வீடு வீடாக நடத்தப்பட்ட ஆய்வொன்றின்படி ஓராண்டில் ஏறத்தாழ 80,000 பேர் பாம்புக்கடிக்கு உள்ளாகின்றனர், 400க்கு மேற்பட்டோர் இறக்கின்றனர். கண்ணாடி விரியன், எமது ஊர்களில் புடையன் என்பார்களே, அது வயலிலும் வரம்பிலும் மைமல் பொழுதிலும் மிதிபட்டுக் கடிக்கின்றது. கட்டுவிரியனோ நிலத்தில் பாய் விரித்துத் துயில்பவரை நள்ளிரவில் கடிக்கின்றது. நோவு பெரிதாகத் தெரியாது, காயமும் கண்ணில் படாது. விடியும்போது கண்மடல் கீழே விழும், மூச்சு எடுக்க முடியாமற் போகும். தறப்பாளின் கீழும் கிடுகுக் கொட்டிலிலும் கிடப்பவர்களுக்கு நுளம்பு வலையைப் பாயின் கீழ் செருகிவிடுவதும், பாயருகில் கையெட்டும் இடத்தில் ரோச் வைத்திருப்பதுமே பாதுகாப்பு. இதற்கு அகலமாகப் பரவும் மெல்லிய ஒளி போதும். நள்ளிரவில் ஆயிரம் லூமனை அடித்தால் கண் கூசும். அதனை அணைத்த பின்னர் கண் மீண்டும் இருளுக்குப் பழக 20 நிமிடத்திற்கும் மேல் எடுக்கும்.

இனி, எம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டிய விடயத்திற்கு வருவோம். பெரும்பாலான வீடுகளில் ஒரேயொரு ரோச்தான் இருக்கின்றது. அது தகப்பனோடு வயலுக்குப் போய்விடுகின்றது, அல்லது மூத்த மகனோடு சந்திக்குப் போய்விடுகின்றது. இரவில் மலசலகூடம் போகவேண்டிய தாய், பெண்பிள்ளைகள், பாட்டி ஆகியோர் இருளில் தட்டுத்தடவிப் போகின்றார்கள். அல்லது போகாமல் அடக்கிக்கொண்டு விடியும்வரை கிடக்கின்றார்கள். இரவில் எழும்ப நேரும் என்று பயந்து பின்னேரமே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடும் பெண்கள் இருக்கின்றார்கள். முகாம்களில் இருந்தவர்களுக்கு இது புதிய செய்தியன்று. 2009இல் செட்டிகுளம் மனிக்பாம் முகாம்களில் இரண்டரை இலட்சத்திற்கும் அதிகமானோர் அடைபட்டிருந்தபோது, இரவில் மலசலகூட வரிசைக்குப் போவது பெண்களுக்கு எத்தகைய பயமாக இருந்தது என்பதை அவர்களிடமே கேட்கலாம். நிவாரண அமைப்புகளின் கூட்டுக்குழு 2005இல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே மலசலகூடங்களுக்கு வெளிச்சமும் உட்பூட்டும் வேண்டும் என்று சொல்லப்பட்டிருக்கின்றது. எழுதியது எழுத்தில் இருந்தது!

ஆகையால் எமது கருத்து இதுதான்: ஒரு பெரிய 'ஆமி ரோச்' வாங்கும் பணத்தில் இரண்டு சாதாரண ரோச்சுகளை வாங்குங்கள். ஒன்று வயலுக்கு. மற்றையது வீட்டைவிட்டு வெளியே போகக்கூடாது. மழைக்கு நிற்கக்கூடியதாக இருக்கட்டும். 'ஐபிஎக்ஸ்4' என்றால் தூவானம் தாங்கும், 'ஐபிஎக்ஸ்7' என்றால் ஒரு மீற்றர் தண்ணீரில் அரை மணித்தியாலம் கிடந்தாலும் பழுதாகாது. வெள்ளம் வரும் ஊர்களுக்கு இரண்டாவதே நல்லது. சுவிச் ஒன்றே இருக்கட்டும். ஐந்து தரம் அமத்தினால்தான் வேண்டிய வெளிச்சம் வரும் என்றால், பதற்றத்தில் பாட்டியால் அதனைப் பாவிக்க முடியாது.

பற்றரியில் கவனம் தேவை. சுவரில் நேரே செருகிச் சார்ச் பண்ணும் மலிவான ரோச்சுகள் பலவற்றினுள்ளே இருப்பது சிறிய ஈயப் பற்றரி. அதனை இறங்கவிட்டுச் சில மாதம் மூலையில் போட்டால் பின்னர் அது சார்ச் ஏறாது. புயலன்று எடுத்துப் பார்க்கும்போதுதான் இது தெரியவரும். 18650 என்று இலக்கமிட்ட லித்தியம் பற்றரி நல்லது, ஆனால் அதன் உண்மையான கொள்ளளவு 3,500 மில்லி அம்பியர் மணியைச் சுற்றியே இருக்கும். 9,900 என்று அச்சடித்த பற்றரியைக் கண்டால் அந்தக் கடையைவிட்டு வெளியே வாருங்கள். போலிப் பற்றரி சூடேறித் தீப்பற்றுவதும் உண்டு. கிடுகு வீட்டில் இரவு முழுக்கச் சார்ச்சில் விட்டுவிட்டுத் தூங்கவேண்டாம். மின்சாரம் நிச்சயமில்லாத இடங்களில் வீட்டு ரோச்சுக்கு, எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் பேனை அளவிலான 'ஏஏ' பற்றரியே எமது தெரிவு. பழையதையும் புதியதையும் கலந்து போடக்கூடாது. நீண்டநாள் பாவிக்காவிட்டால் கழற்றி வைக்கவேண்டும், இல்லையேல் கசிந்து ரோச்சையே அரித்துவிடும்.

பல்லு விளிம்பும் வெட்டிவெட்டி மின்னும் ஒளியும் தற்பாதுகாப்புக்கு உதவும் என்கிறார்கள். முகத்தில் அடிக்கும் கடும் ஒளி ஒருவனைச் சில விநாடி தடுமாறச் செய்யும் என்பது மெய்தான். ஆனால் அந்தச் சில விநாடி ஓடுவதற்கும் கூப்பிடுவதற்குமே, நின்று அடிபடுவதற்கல்ல. காவலரண்களில் முகத்திற்கு ஒளி பாய்ச்சப்பட்ட அனுபவம் எமக்கு உண்டு. எதிரில் நிற்பவர் அயலவரா அந்நியரா என்று தெரியுமுன் அதே விதமாக நாமும் செய்தால் வீண் சண்டையே வரும். ஒளியை முதலில் நிலத்தில் அடித்துக் குரல் கொடுப்பது எமது ஊர்வழக்கம், அது போதும். வெடிபொருள் அபாயப் பலகை நாட்டிய காணிக்குள் எந்த ரோச்சும் உதவாது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்கவேண்டும்.

நிவாரணப் பொருட்களுக்குப் பெயர்ப்பட்டியல் தயாரிக்கும் சங்க அங்கத்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். 'குடும்பத்திற்கு ஒரு ரோச்' என்று படிவத்தில் இருந்தால், இரண்டு என்று எழுதிக் கேளுங்கள். இரண்டு கிடைக்காவிட்டால் அந்த ஒன்றை வீட்டுப் பெண்ணின் கையெழுத்துக்கே கொடுங்கள். மொத்தமாக வாங்குவதென்றால் முதலில் ஒன்றை மட்டும் வாங்கி, மாலை ஆறு மணிக்கு ஏற்றி வைத்து விடியும்போது பாருங்கள், வாளித் தண்ணீரிலும் போட்டுப் பாருங்கள். வீட்டு ரோச்சுக்கு வாசற்கப்பில் ஓர் ஆணி அடித்து, சிறுபிள்ளைக்கும் எட்டும் உயரத்தில் தொங்கவிடுங்கள்.